தரைக்கு மேல் ஒரு மரத்தளம்

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)



விளைவிப்பதைப் பற்றி இத்தகைய கூட்டங்களில் நிறையப் பேசப்படுகிறது. விளைந்ததைக் காப்பது பற்றி நான் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அதிலும் ஒன்றே ஒன்று: தானியம் வைக்கும் அறையில், இருக்கின்ற தரைக்கு மேல் மரத்தளம் அமைப்பது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மண்தரையைப் பெயர்த்துச் சிமெண்டுத் தரை போட்டேன். இனி ஈரத்துக்கு அஞ்சவேண்டியதில்லை என்று எண்ணி, மாசியில் அறுத்த விதை நெல்லை மூட்டை மூட்டையாக அதன்மேல் அடுக்கினேன். அவ்வாண்டு கோடை மழையும் புரட்டாசி மழையும் பலமாகப் பெய்தன. நாற்றங்காலுக்காக ஐப்பசியில் மூட்டைகளைப் பிரித்தபோது அடிவரிசையில் பூஞ்சணம் பூத்திருந்தது. சாக்கு கையோடு பிய்ந்து வந்தது. அந்த நெல்லில் பாதிகூட முளைக்கவில்லை. கடன் வாங்கித்தான் விதைத்தேன். குற்றம் என்னுடையதே. என் பாட்டியார் காலத்துக் குதிர் கற்களின் மேல் நின்றது. அது ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நிலத்தின் ஈரம் சிமெண்டின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. நம் பகுதிக் கரிசல் மண்ணோ குடித்த மழையை எளிதில் விடாது. ஐயமுள்ளவர்கள் சோதித்துப் பார்க்கலாம். ஒரு முழ அகலமுள்ள பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் அடிப்பக்கத்தில் நீர் அரும்பியிருந்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறது என்று அறியலாம். விதை நெல்லில் 13 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் தங்கலாகாது. களத்தில் அந்த அளவுக்குக் காயவைத்த நெல்லைத் தரையில் கிடத்தினால் பட்ட பாடு வீணே.

தளம் அமைக்கும் முறை கடினமன்று. 5 அடி நீளமுள்ள மூன்று சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக இணையாக வைத்து, குறுக்கே 3 அடிப் பலகைகளை விரல் இடைவெளி விட்டு அறையவேண்டும். 75 கிலோ மூட்டைகள் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 375 கிலோ ஆகிறது. ஆகையால் நடுச்சட்டத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். சட்டங்களின் அடியில் கல்லோ செங்கல்லோ கொடுத்து, தரைக்கும் பலகைக்கும் இடையே ஒரு சாண் உயரம் விடுங்கள். சட்டங்கள் வாசலிலிருந்து சன்னலை நோக்கிச் செல்லட்டும். குறுக்கே போட்டால் காற்று முட்டி நின்றுவிடும்.

அறை முழுவதையும் ஒரே தளமாக அடைத்து ஆணியடிப்பதே பலர் செய்யும் பெருந்தவறு. அதன் அடியில் எலி குடியேறும். கறையான் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியாது. இருவர் தூக்கக்கூடிய தனித்தனித் தட்டுகளாகச் செய்தால் எடுத்துவிட்டுப் பெருக்கலாம். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியே போடவேண்டும். சுவரும் ஈரம் குடிக்கும். அன்றியும், ஆள் சுற்றிவந்து பார்க்க வழி வேண்டும்.

மரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். மலையை நோக்க வேண்டாம். 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். பனையை வெட்டவும் மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று அவ்வாண்டே அரசு அறிவித்தது. ஆனால் பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வைரம் பாய்ந்த பனங்கைகள் விறகு விலைக்குப் போகின்றன. சட்டத்துக்கு அவற்றைவிட நல்லது கிடைப்பது அரிது. தரைப்பக்கம் மட்டும் தார் பூசி, நன்றாக உலர்ந்த பிறகு பயன்படுத்துங்கள்.

1958இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் போன்றவற்றின் கிடங்குகளில் மூட்டைகளை இவ்வாறு மரத்தட்டுகளின் மேல் அடுக்குவது வழக்கம். நம் ஊராட்சிகளில் பொது அறை உள்ள இடங்களில் முதலில் நான்கு தட்டுகள் செய்து, விதைக்கென ஒதுக்கி வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் விளக்குடன் குனிந்து அடியில் பார்க்கவேண்டும். அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை இன்றே பெயர் சொல்லித் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.