சலூன் பெட்டியும் தகரச் சீட்டும்

 

நினைவுச் சொற்பொழிவு நடத்துகிற நாம், யாருடைய நினைவுகள் எழுதப்படாமல் போயின என்றும் கேட்டாக வேண்டும். திருச்சியில் கூடியிருக்கிறோம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக இருந்த ஊர் இது. ஆகவே ரயிலைப் பற்றியே கேட்போம்.

சொகுசுப் பெட்டிகள் ஓடிய காலத்தை ரயிலின் பொற்காலம் என்று எழுதுகிறார்கள். ஆளுநர்களும் மன்னர்களும் உயர் அதிகாரிகளும் பயணம் செய்த சலூன் பெட்டியில் படுக்கையறை, குளியலறை, சமையலறை எல்லாம் இருந்தன. தேக்கு மரச் சுவர்கள், பித்தளைக் கைப்பிடிகள். அந்த வேலைப்பாட்டின் அழகை நாம் மறுக்கவில்லை. 1982இல் ஓடத் தொடங்கிய 'பேலஸ் ஆன் வீல்ஸ்' இன்றும் அந்த அழகைத்தான் விற்கிறது. ஆனால் அந்நாளைய முதல் வகுப்பை ஒட்டி, கூட வரும் வேலையாட்களுக்கென்று ஒரு சிறிய அறையும் இருந்தது. அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது எந்தக் காலமாகத் தெரிந்திருக்கும்?

நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட பாதை 1862இல் திருச்சியை எட்டியது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி, மதுரை வழியாகத் திருச்சிக்கு ரயிலில் வந்தார். ஸ்ரீரங்கம் கோயிலையும் கண்டு சென்றார். வேறு நாட்டவர், வேறு மதத்தவர். ஆனாலும் வரவேற்பு இருந்தது. அவர் வந்த பாதைக்கு மண் சுமந்த நம் முன்னோர் கோயிலுக்குள் நுழைய 1939இலும் 1947இலும் சட்டங்கள் வேண்டியிருந்தன. வைகுண்ட ஏகாதசிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை எவருக்கும் விற்றது ரயில்வே. காசில் தீட்டு இல்லை. இறங்கி நடந்தால் கோபுர வாசலில் தீட்டு இருந்தது.

1901இல், சிறுவன் அம்பேத்கர் தந்தையைப் பார்க்க ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார். நல்ல உடையைப் பார்த்து அன்போடு பேசிய நிலைய அதிகாரி, மகர் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் விலகிப் போனார். அதை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். ரயில் நம்மை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனது. சாதி நிலையத்தில் காத்திருந்தது.

இனி இந்த ஊரிலிருந்து புறப்பட்ட இன்னொரு பயணத்தைப் பாருங்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1904இல் சிலோன் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் தலைமையகம் அமைத்தது. ஆள் பிடிக்கப்பட்டவர்களில் பெரும் எண்ணிக்கையினர் நம் சேரிகளிலிருந்து போனவர்கள். அவர்கள் கையில் தரப்பட்டது தகரச் சீட்டு. தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த உலோக வில்லை அது. எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு என்பது அதில் தெரியும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடியது. தோட்டத்துரை மெத்தையில் படுத்துப் போனதும், கூலிகள் மண்டபம் முகாமுக்குப் போனதும் ஒரே தண்டவாளத்தில்தான்.

அமெரிக்காவில் சொகுசுப் பெட்டிக்குப் பெயர்போனவர் ஜார்ஜ் புல்மன். அவருடைய படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றியவர்கள் கறுப்பின மக்கள். முதல் தலைமுறையினரில் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். பயணிகள் அவர்கள் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். முதலாளியின் பெயரே வேலையாளுக்கும் பெயர். 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். 1937இல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். மெத்தை விரித்த கைகள்தான் பின்னாளின் குடியுரிமைப் போராட்டத்துக்கும் தோள் கொடுத்தன.

நமக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறிய 1928இலேயே, ஆட்குறைப்பை எதிர்த்து தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் சிறை சென்றார். நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனியிடம் என்றிருந்த வழக்கம், பெரியாரின் தொடர் எதிர்ப்புக்குப் பின் 1941இல் ஒழிந்தது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத் திடலில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். பெட்டிகளைப் பழுது பார்த்து மெருகேற்றிய ஊரின் கதை இது. சலூன் பெட்டியின் படம் போட்ட புத்தகங்களில் இது வராது.

மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1970களில் போனது. மது தண்டவதே ரயில்வே அமைச்சரானபோது, இரண்டாம் வகுப்பின் வெறும் பலகைக்கு இரண்டு அங்குல மெத்தை வந்தது. ரயிலுக்கு ஒரு பொற்காலம் உண்டு என்றால், அது அந்த இரண்டு அங்குலத்தில் தொடங்கியது என்போம். கூலிக்குப் போகும் ஒரு தாய் முதுகு வலிக்காமல் தூங்கினாள். எந்த மன்னரின் பெட்டியும் செய்யாத வேலை அது.

ஆனால் கணக்கு தீரவில்லை. முதல் வகுப்பானாலும் மூன்றாம் வகுப்பானாலும் கழிவு தண்டவாளத்தில்தான் விழுந்தது. அதை அள்ளியவர்கள் யார் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிரான சட்டம் 1993இல் வந்து, 2013இல் மீண்டும் வந்தது. பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகள் வந்துவிட்டன. துடைப்பம் பிடிக்கும் கைகள் மட்டும் பெரும்பாலும் அதே சேரியிலிருந்து, இப்போது ஒப்பந்தக் கூலிகளாக வருகின்றன.

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். சலூன் பெட்டிகளை அருங்காட்சியகங்கள் காப்பாற்றிக்கொள்ளும். பொன்மலைக் குடியிருப்புகளுக்கும் ஸ்ரீரங்கத்தின் மதிலுக்கு வெளியே உள்ள தெருக்களுக்கும் போங்கள். தண்டவாளத்தில் கல் போட்டவர்கள், பெட்டி கழுவியவர்கள், கண்டிச்சீமையிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பெரியம்மாக்களையும் தாத்தாக்களையும் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். சில வீடுகளின் டிரங்குப் பெட்டியில் ஒரு தகர வில்லை கிடக்கலாம். அதில் எண் இருக்கும். அந்த எண்ணுக்கு உரியவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

ஜெய்பீம்.