பலெர்மோவில் ஒரு சாப்பாட்டுக்கடை

இந்த நேரத்தில் உங்களில் பாதிப்பேர் சமையலறையில் நின்றபடிதான் வானொலி கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவள். அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டுக் கேளுங்கள். இன்றைக்குப் பேச்சும் சாப்பாட்டைப் பற்றித்தான்.

இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவு. அதன் தலைநகர் பலெர்மோ. ஆறு லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம் என்றாலும், பல்லாரோ சந்தைப் பக்கம் வந்தால் சின்ன ஊர் போலத்தான் இருக்கும். மீன்காரரும் மரக்கறிக்காரரும் ராகம் போட்டுக் கூவுவார்கள். ஒருவர் கடையில் இருமினால் எதிர்க்கடைக்காரர் நலம் விசாரிப்பார். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு அந்நாட்டுத் தமிழர் பலர் இந்த ஊரில் கரை சேர்ந்தார்கள். அவர்களில் அநேகம் பேருக்குக் கிடைத்தது வீட்டுவேலையும் முதியோரைப் பார்க்கும் வேலையும்தான். நானும் அப்படி வந்தவள். இப்போது பன்னிரண்டு வருடமாக இந்தச் சந்தையருகே ஓர் உணவகத்தின் அடுப்படியில் நிற்கிறேன். பெயர்ப்பலகையில் இந்தியச் சாப்பாடு என்று எழுதியிருக்கும். சமைப்பவள் யாழ்ப்பாணத்துக்காரி.

வெளியூர்ச் சாப்பாட்டுக்கடைக்கு முதல்முறை போகிறவருக்கு ஒரு கூச்சம் இருக்கும். எதைக் கேட்பது, எப்படிச் சாப்பிடுவது, உறைப்பு எவ்வளவு இருக்கும் என்று. தமிழ்நாட்டு நேயர்கள் காரம் என்பீர்கள். எங்களுக்கு அது உறைப்பு. அந்தக் கூச்சத்தைப் போக்க நான் கண்ட வழி ஒன்றே ஒன்று: கத்தரிக்காய்.

சிரிக்காதீர்கள். சிசிலிக்காரருக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். அவர்களிடம் காப்போனாத்தா என்று ஒரு கறி உண்டு. நான் வேலை பார்த்த வீட்டுப் பாட்டியிடம்தான் அதைப் பழகினேன். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. கத்தரிக்காயைச் சதுரமாக வெட்டி, உப்புத் தூவி, அதன் கசப்புநீர் வடியும்வரை ஒரு மணிநேரம் வைப்பார். பிறகு ஒலிவ எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிப்பார். வேறு சட்டியில் வெங்காயம், செலரித்தண்டு, தக்காளி, பச்சை ஒலிவக்காய், கேப்பர் மொட்டு. கடைசியில் வினாகிரியும் சீனியும் சேரும். அந்தப் புளிப்பும் இனிப்பும் எழும்பிய வாசத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக் கத்தரிக்காய் மோஜுவின் வாசம் அது!

இலங்கை நேயர்களுக்கு மோஜுவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி, மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரிக்க வேண்டும். சின்ன வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் தனியாகப் பொரித்தெடுக்க வேண்டும். கடுகு, இஞ்சி, உள்ளியை வினாகிரி விட்டு அரைத்து, சீனி சேர்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரட்ட வேண்டும். காப்போனாத்தாவும் மோஜுவும் செய்த அன்றைக்கு நல்லாயிருக்கும். மறுநாள் இன்னும் நல்லாயிருக்கும். அடுத்த ஞாயிறு அந்த வீட்டில் மோஜு செய்து வைத்தேன். பாட்டி ஒரு துண்டை வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, "மகளே, இது என் அம்மாவின் கறி, உன் ஊருக்குப் போய்க் கடுகோடு திரும்பி வந்திருக்கிறது" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு, திசைதான் மாறிவிட்டது. கத்தரிக்காய் நம்முடைய பக்கத்துச் செடி. அதை மத்தியதரைக்கடல் நாடுகளுக்குக் கொண்டுவந்து பரப்பியவர்கள் அரபுக்காரர். கி.பி. 831இல் பலெர்மோ அவர்கள் கைக்கு வந்தது. இருநூறு வருடத்துக்கு மேல் அவர்களிடமே இருந்தது. தோடை, எலுமிச்சை, கரும்பு என்று இந்தத் தீவின் தோட்டங்களையே அவர்கள் மாற்றினார்கள். இத்தாலியர் கத்தரிக்காயை மெலன்சானா என்கிறார்கள். அந்தப் பெயரைப் பின்னோக்கித் தேடினால் அரபு, பாரசீகம், வடமொழி என்று போகும். அதற்கும் பின்னால் நம்முடைய பழைய சொல்லான வழுதுணை நிற்கிறது என்று கருதும் மொழியறிஞர்களும் உண்டு. இத்தனை கடல் தாண்டி வந்த காய்க்கு இங்கே யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை.

அதனால்தான் முதல்முறை வருகிறவர் உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு சின்னத் தட்டில் மோஜு போகும். தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் அவர்கள் முகம் மலரும். பிறகு பஜ்ஜி மாவைக் காட்டினால், "இது எங்கள் பனெல்லே அல்லவா!" என்பார்கள். கடலைமாவைக் கிண்டி, ஆறவைத்து, வெட்டிப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்து விற்பது இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் ஒருவர் வெறும் சோற்றை முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கறிக்காகக் காத்திருந்தார். கறி பக்கத்திலேயே ஆறிப்போயிருந்தது. இத்தாலியர் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார்கள். அன்றிலிருந்து பரிமாறும் தம்பி முதல் கரண்டிக் கறியைத் தானே சோற்றில் விட்டுக் காட்டுகிறான். அதற்குப் பிறகு யாரும் வெறும் சோறு சாப்பிட்டதில்லை.

இன்னொன்று, உணவகம் நடத்தும் நேயர்கள் கவனியுங்கள். கோதுமைப் புரதம் உடம்புக்குச் சேராத ஒரு சிறுமியை அவள் அம்மா கூட்டிவந்தார். அரிசியும் உளுந்தும்தானே, தோசை சாப்பிடலாம் என்றேன். சாம்பாரை எடுக்கும்போதுதான் பெருங்காய டப்பா கண்ணில் பட்டது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமைமாவு கலந்திருக்கும். சாம்பாரை நிறுத்திவிட்டுத் தேங்காய்ச் சம்பல் கொடுத்தேன். ஒவ்வாமை தரும் 14 பொருள்களை உணவகங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம்முடைய தாளிப்பில் கடுகு இல்லாத நாள் ஏது? சட்டத்துக்காக எழுதி ஒட்டினால் போதாது. சமைப்பவருக்கு அது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கடைசியாக அந்தப் பாட்டி. நான் உணவகத்துக்கு மாறிய பிறகு ஒருநாள் மகளோடு வந்தார், சக்கர நாற்காலியில். எங்கள் வாசலில் இரண்டு படி. நாலு பேர் சேர்ந்து நாற்காலியைத் தூக்கினோம். உள்ளே வந்தவர் மோஜுவைத் தொடவேயில்லை. சாமான் மாதிரித் தூக்கினால் பசி போய்விடும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. அந்தக் கிழமையே சந்தைத் தச்சர் ஒருவர் சாய்வாக ஒரு பலகை செய்து தந்தார். கோணம் செங்குத்தாக இருந்ததால் திரும்பவும் நீளமாகச் செய்ய வேண்டிவந்தது. வாசலடி மேசையை நகர்த்தி, கழிவறைக் கதவையும் அகலமாக்கினோம். அடுத்த முறை அவர் மகள் ஒற்றைக் கையால் தள்ளிவந்தார். பாட்டி இரண்டு தட்டு மோஜு சாப்பிட்டார்.

எல்லோரையும் வரவேற்கும் கடை எங்களுடையது மட்டுமல்ல. பல்லாரோவில் மொல்திவோல்தி என்று ஓர் உணவகம் 2014 முதல் இருக்கிறது. பல முகங்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். சிசிலிச் சாப்பாடும் ஆப்பிரிக்க, ஆசியச் சாப்பாடும் அங்கே ஒரே அடுப்படியில் வேகும். ஞாயிறுகளில் சைவத் தமிழரும் கத்தோலிக்கரோடு சேர்ந்து பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குப் போவதையும் சொல்ல ஆசை. எங்கள் கடைக்கு முதலில் வந்த பலெர்மோக்காரரில் பலர் அந்த மலைப்பாதையில் பழக்கமானவர்கள். அதற்கு இன்னொரு நாள் வேண்டும். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள்.

கடை வைத்திருப்பவர்களே, நாளை காலை திறக்கும்போது உங்கள் வாசற்படியை ஒருமுறை பாருங்கள். அதில் ஏற முடியாத ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். ஒரு பலகை போதும், போட்டுவிடுங்கள்.