அஞ்சிய நாயும் அன்பின் பொறுமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலமை மிக்கோர் இலக்கியம் பேசும் இம்மேடையில், ரயில்வே அலுவலகத்துக் குமாஸ்தாவாகிய நாங்கள் ஒரு நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அடிபட்டுக் கைவிடப்பட்ட நாய்க்குச் சோறிடுவது எளிது. மனிதனை மீண்டும் நம்பும்படி அதனைப் பழக்குவதே அரிது. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நேரந்தவறாமையும் பொறுமையும் இருந்தால் போதும். எங்கள் இல்லத்தில் கண்டறிந்த உண்மை இதுவே.

ஈராண்டுகளுக்கு முன், இந்தக் கரக்பூரில் விலங்குகளைப் பேணும் சில அன்பர்களிடமிருந்து ஒரு நாயைப் பெற்று வந்தோம். யாரோ அடித்ததில் அதன் பின்னங்கால் ஒன்று ஊனமுற்றிருந்தது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் முன்னரே முடிந்திருந்தன. அதற்கு அடையாளமாகக் காதின் நுனி சிறிது வெட்டப்பட்டிருந்தது. மணி என்று பெயரிட்டோம்.

முதல் மூன்று நாட்கள் மணி கட்டிலின் அடியை விட்டு வெளிவரவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு, காதுகளைப் பின்னுக்கு மடக்கி, பசியில்லாதபோதும் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. இவை அச்சத்தின் அறிகுறிகள். நாங்கள் அதனை இழுக்கவுமில்லை, கொஞ்சவுமில்லை. ஒரு கோணிச்சாக்கும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்துவிட்டு விலகி நின்றோம். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், ஒரு நாளும் தவறாமல், ஒரே இடத்தில் சோறு வைத்தோம். நாளை நடப்பது இன்னதென்று தெரிந்தால்தான் அஞ்சிய உயிருக்கு அமைதி பிறக்கும். கால அட்டவணையின் அருமையை ரயில்வேக் குடும்பங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்லவேண்டுமா?

அருகில் இருக்கும்போது நேருக்கு நேர் அதன் கண்களைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்தோம். மேலிருந்து குனிந்து தலையைத் தடவுவது நமக்கு அன்பு. அடிபட்ட நாய்க்கோ அது ஓங்கிய கை. அதுவாக வந்து முகரும்வரை காத்திருந்தோம். இந்த ஊரார் ‘ஆய், ஆய்’ என்று வங்காளத்தில் அழைத்தால் அதற்கு விளங்கும். எங்கள் தாயாரோ ‘வா கண்ணு’ என்று தமிழிலேயே அழைத்தார். இன்று மணி இருமொழிப் புலமை பெற்றுவிட்டது!

துடைப்பத்தைக் கண்டால் அது நடுங்கும். உருசிய அறிஞர் பாவ்லாவ் ஓர் உண்மையைக் காட்டினார். உணவுக்கு முன் ஓர் ஓசையை எழுப்பிப் பழக்கினால், பின்னர் அந்த ஓசைக்கே நாயின் வாயில் எச்சில் ஊறும். அச்சமும் அவ்வாறே பழகுவது. ஆதலால் அதனை மாற்றிப் பழக்கவும் இயலும். துடைப்பத்தைத் தாழ்வாரத்தின் கோடியில் சாத்திவிட்டு, அது கண்ணில் படும்போதெல்லாம் ஒரு துண்டு இட்டிலி கொடுத்தோம். சில நாட்களுக்கொருமுறை ஒரு முழம் அருகே நகர்த்தினோம். நடுங்கினால் மறுபடியும் தள்ளி வைத்தோம். பத்து வாரங்கள் சென்றபின், துடைப்பம் கிடக்க, அதன் பக்கத்திலேயே படுத்துறங்கியது.

இடையில் ஒரு சோதனை வந்தது. சோற்றுக் கிண்ணத்தருகே சென்ற எங்கள் மகளைப் பார்த்து மணி உறுமியது. ‘குழந்தையைக் கடித்துவிடும், கொண்டுபோய் விட்டுவிடுங்கள்’ என்று அண்டை வீட்டார் கூறினர். அவர்கள் அஞ்சியது நியாயமே. எனினும் உறுமல் என்பது எச்சரிக்கை. ரயில் பாதையில் சிவப்பு விளக்குப் போன்றது. உறுமியதற்காக அடித்தால் விளக்கு அணையும், அபாயம் நீங்காது. பிறகு அது முன்னறிவிப்பின்றிக் கடிக்கலாம். எனவே உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயை நெருங்கலாகாது என்று மகளுக்குக் கற்பித்தோம். பெரியவர் உடனிருந்தாலன்றி இருவரையும் தனியே விடவில்லை. வெளியே வாரின்றி அழைத்துச் செல்லவில்லை. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, அந்த அட்டையை அண்டை வீட்டாருக்கும் காட்டினோம்.

தாய்மார்களே, இதனை மட்டும் மறவாதீர்கள். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் முற்றியபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதற்காக மாநிலங்களவையில் வாதாடியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 2025 நவம்பரில், ரயில் நிலையங்கள், பள்ளிகள் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காப்பகம் உயிரைக் காக்கும். ஆயினும் ‘இவர் நம்மவர்’ என்னும் உறவைத் தர ஒரு வீட்டினால்தான் முடியும்.

எல்லோரும் நாய் வளர்க்கவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. இடமும் நேரமும் உள்ளவர்கள், விலை கொடுத்து உயர்சாதிக் குட்டியைத் தேடுமுன், கைவிடப்பட்ட ஒன்றை எண்ணிப் பாருங்கள். அழைத்து வந்தால் இடையில் கைவிடாதீர்கள். இரண்டாம் முறை ஏமாந்த நாயைத் தேற்றுவது இன்னும் கடினம்.

நான்காம் மாதத்தில்தான் மணி எங்கள் கையிலிருந்து உணவை வாங்கியது. இன்றும் யாரேனும் கோலை ஓங்கினால் கட்டிலின் அடியில் புகுந்துவிடுகிறது. பட்ட காயம் முழுவதும் மறைவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் பெயர் சொல்லி அழைத்தால் சிறிது நேரத்தில் தானே வெளியே வருகிறது. அச்சம் இருந்தும் வருகிறதே, அதுதான் நம்பிக்கை. அதனை அடித்துப் பெற இயலாது, விலைக்கு வாங்கவும் இயலாது, காத்திருந்துதான் பெறவேண்டும்.