கரண்ட் எங்கே நின்றது?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டது, தள்ளிக்கொண்டு போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனைப் பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். "எப்படிண்ணே நின்னுச்சு? இருமி இருமி நின்னுச்சா, டப்புன்னு நின்னுச்சா?" இப்படிக் கேட்பவரிடம் வண்டியை நம்பி விடலாம். பெட்ரோல் தீர்ந்தாலோ கார்புரேட்டரில் குப்பை அடைத்தாலோ எஞ்சின் உடனே நிற்காது. கிண்ணத்தில் மிச்சமிருப்பதை உறிஞ்சி, திணறி, இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் அடங்கும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே நொடியில் நின்றால் பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும். இது தவறாத விதி என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் பாதி எஞ்சினை விசாரணையிலிருந்து விலக்கிவிடுகிற கேள்வி அது.

பிளக்கில் கரண்ட் வரவில்லை என்ற கோளாறைத் தேடிப் பிடிக்கும் கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கலை என்று தெரிந்தே சொல்கிறேன். பழுதான காயிலைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதை யாரும் ஒரு பொழுதில் கற்றுக்கொள்ளலாம். காயில்தான் பழுது என்று கண்டு சொல்வதற்கு வருடங்கள் ஆகும். அந்த இரண்டாவது வேலைக்கு நம் ஊரில் கூலியே கிடையாது என்பது என் வருத்தம். அந்த விஷயத்தைப் பிறகு பேசுகிறேன்.

பழைய புல்லட்டிலிருந்து தொடங்கலாம். என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955இல் சென்னையில் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் செய்யப்பட்ட பாயிண்ட் வைத்த புல்லட்டுகளை இன்றும் சாலையில் பார்க்கலாம். அதில் பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் காயிலின் தடித்த சுற்று வழியாகப் போய், பாயிண்ட் என்ற ஸ்விட்ச் மூடியிருக்கும் வரையில் எர்த்தில் இறங்கிக்கொண்டிருக்கும். பாயிண்ட் திறந்ததும் ஓட்டம் அறுபடுகிறது. காயிலுக்குள் நிறைந்திருந்த காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிய இன்னொரு சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பிப் பிளக் முனையில் தாவுகிறது. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். அதைப் பேட்டரி, பாயிண்ட், காயில் என்ற ஏற்பாடாக வண்டிக்குள் நிலைநிறுத்தியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். அது 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. பொறி பிறப்பது கரண்ட் ஓடும்போது இல்லை, அறுபடும்போது. எவ்வளவு வெடுக்கென்று அறுபடுகிறதோ அவ்வளவு வலுவாக அடிக்கும். பாயிண்ட் திறக்கிற இடத்திலேயே கரண்ட் தாவி எரிந்து வீணாகாமல் அதைத் தாங்கிக்கொள்ளத்தான் கட்டைவிரல் அளவில் ஒரு கண்டென்சர் பக்கத்தில் இருக்கிறது. கண்டென்சர் போய்விட்டால் பாயிண்ட்டில் நீலப்பொறி பளிச்சிடும். அதன் முகம் கருகும். பிளக்கில் சிவந்த, மெலிந்த பொறிதான் வரும். வண்டிக்காரர் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பார். வண்டி ஓடும். நாலு நாளில் மறுபடியும் கருகும். பாயிண்ட் கம்பெனியைத் திட்டுவார், புதுப் பாயிண்ட் போடுவார், அதுவும் கருகும். கண்டென்சரை மாற்றும் வரையில் இந்தக் கதை முடியாது.

அந்தப் புல்லட்டில் ஹெட்லைட்டின் தலைமேல் சின்ன அம்மீட்டர் ஒன்று இருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் அழகுக்கு என்று நினைப்பார்கள். கரண்ட் கோளாறு பார்ப்பதற்கு அதைவிட நேர்மையான கருவி எந்த வண்டியிலும் வந்ததில்லை என்பது என் கருத்து. சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்கு வரும். இப்படி ஆடினால் பேட்டரி, ஃபியூஸ், சாவி, காயிலின் முதல் சுற்று, பாயிண்ட் எல்லாம் தத்தம் வேலையைச் செய்கின்றன என்று பொருள். குறை அதற்கு அப்பால் கண்டென்சரிலோ, காயிலின் இரண்டாம் சுற்றிலோ, பிளக் ஒயரிலோ இருக்கவேண்டும். முள் சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதற்குப் போகும் ஒயர் எங்கோ உடம்பில் பட்டு எர்த் ஆகியிருக்கிறது. முள் அசையவே இல்லையென்றால் ஹாரனை அடித்துப் பாருங்கள். ஹாரன் ஒலித்தால் பேட்டரிமேல் பழி இல்லை. பாயிண்ட் முகத்தில் எண்ணெயோ கரியோ ஏறி மூடியும் மூடாததாக இருக்கும், இல்லையேல் காயில் அறுந்திருக்கும். ஒரு முள்ளையும் ஒரு காலையும் வைத்துக்கொண்டு இத்தனையும் சொல்லிவிடலாம். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத ஊர்களில் கண்ணால் வைத்தே ஓட்டியவர்கள் இருந்தார்கள். அதை நான் பாராட்டமாட்டேன்.

அடுத்தது, எல்லோரும் செய்கிற சோதனை. பிளக்கைக் கழற்றி, கேப்பில் செருகி, எஞ்சின் உடம்பில் ஒட்ட வைத்து, கிக்கரை உதைத்துப் பார்ப்பது. பொறி தெரிந்தால் "கரண்ட் வருது, பெட்ரோலைப் பாரு" என்று தீர்ப்பாகிவிடும். இந்தத் தீர்ப்பு பாதி நேரம் தவறு. திறந்த காற்றில் தாவுவது சுலபம். அழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாவ அதிக வோல்ட் வேண்டும் என்பதை ஃபிரீட்ரிக் பாஷென் என்ற ஜெர்மானியர் 1889இலேயே சொல்லிவிட்டார். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி நசுக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பத்து மடங்குக்கு மேல் போகும். வெளியே அழகாக அடித்த பலவீனமான காயில் உள்ளே போய் ஊமையாகிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பிளக்கின் முனையை நம்புவதில்லை. ஆறு ஏழு மில்லிமீட்டர் இடைவெளி வைத்த சோதனைப் பிளக்கில் நீலம் கலந்த வெள்ளையாக, சத்தத்தோடு தாவுகிறதா என்று பார்ப்பார்கள். பிளக்கின் உடம்பு எர்த்தில் அழுந்தியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் வேறு வழி தேடிக் காயிலையோ உங்கள் கையையோ பதம் பார்க்கும். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைத்து இதைச் செய்யாதீர்கள். அங்கிருந்து பீறிடுவது பெட்ரோல் ஆவி.

பிளக் கேப்பையும் சொல்லவேண்டும். பல கேப்புகளுக்குள் 5,000 ஓம் அளவில் ஒரு தடை இருக்கிறது; அது உள்ளே விரிசல் விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. கேப்பைத் திருகிக் கழற்றி, பச்சை பிடித்த ஒயர் நுனியைக் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகினால் உயிர் பெற்ற வண்டிகள் மழைக்காலத்தில் ஏராளம். செலவு ஒன்றுமில்லை. அதனாலேயோ என்னவோ, இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

1985இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. பாயிண்ட் போய், கறுப்புப் பெட்டி வந்தது. சி.டி.ஐ. என்ற அந்தப் பெட்டிக்கு மேக்னெட்டிலிருக்கும் தனிச் சுருள் கரண்ட் கொடுக்கிறது. 'இப்போது அடி' என்று சொல்வது பல்சர் காயில். பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டாலும் கிக்கில் ஓடும். இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. புல்லட்டில் சாவியை அணைத்தால் கரண்ட் துண்டாகும். இந்த வண்டிகளில் சாவியை அணைத்தால் பெட்டிக்கு வரும் கரண்ட் எர்த்தில் இறக்கிவிடப்படும். ஆகவே சாவிக்குள் மழைத்தண்ணீர் இறங்கினாலோ, ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி அந்த ஒயரின் தோல் உரிந்து ஃபிரேமில் பட்டாலோ, வண்டி தன்னை யாரோ அணைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பெட்டிக்குப் பக்கத்திலேயே அந்த ஒரு ஒயரை மட்டும் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். கரண்ட் வந்தால் பெட்டி, காயில், மேக்னெட் மூன்றும் நிரபராதிகள். இந்த ஒரு நிமிடச் சோதனை தெரியாமல் எத்தனை பெட்டிகள் விலைக்கு வாங்கப்பட்டிருக்கும்!

இதைவிடக் கடினமானது சூட்டில் வரும் கோளாறு. காலையில் ஒரே உதையில் கிளம்பும். இருபது கிலோமீட்டர் போனதும் நிற்கும். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோய் மல்ட்டிமீட்டர் வைத்தால் பல்சர் காயில் சில நூறு ஓம் சரியாகவே காட்டும், ஏனென்றால் அது ஆறிவிட்டது. உள்ளே அறுந்த கம்பி சூட்டில்தான் விரிந்து விலகுகிறது. இதைப் பிடிக்க ஒரே வழி, நின்ற இடத்திலேயே, நின்ற சூட்டோடு அளப்பது. நல்ல மெக்கானிக் சொல்வார்: "இப்ப ஓடுதில்ல, இப்ப நான் என்னத்தப் பாக்குறது? நிக்கிற வரைக்கும் ஓட்டிட்டு, நின்ன உடனே போன் பண்ணுங்க." வண்டிக்காரருக்குக் கோபம் வரும். வேலை தெரியாதவர் என்று நினைத்து அடுத்த பட்டறைக்குப் போவார். அங்கே காயில் மாறும், பெட்டி மாறும், பிளக் மாறும்.

இங்கேதான் கூலியைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. நம் பட்டறைகளில் பணம் சாமானுக்கும் அதை மாட்டும் கைக்கும்தான். அரை மணி நேரம் ஒயரைப் பின்தொடர்ந்து போய், ஒரு கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டி வண்டியை ஓட வைத்தவருக்கு "சும்மா தொடச்சதுக்கா இவ்வளவு?" என்ற பதில் கிடைக்கிறது. காரணம் தெரியாமலே பெட்டி மாற்றியவருக்கு ஆயிரக்கணக்கில் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். பிறகு மெக்கானிக்குகள் எல்லாம் சாமான் மாற்றுகிறவர்களாகிவிட்டார்கள் என்று குறைப்படுகிறோம். மாற்றிப் பார்ப்பது முறையே ஆகாது என்று சொல்லவில்லை. பெட்டிக்குள் நுழைந்து பார்க்க முடியாதபோது, நிச்சயம் ஓடுகிற இன்னொரு வண்டியின் பெட்டியை மாட்டிப் பார்ப்பது நியாயமான சோதனைதான். ஆனால் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கிய, நிலைமை தெரியாத பழைய பெட்டியை மாட்டி, "அப்பவும் வரல, அப்ப காயில்தான்" என்பது சோதனை ஆகாது. ஒரு சந்தேகத்தை இரண்டாக்கியதுதான் மிச்சம்.

வேறு சிக்கல்களும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கில் ஸ்விட்சைக் குழந்தை தட்டிவிட்டிருக்கும். சைடு ஸ்டாண்டு ஸ்விட்சில் சேறு அப்பியிருக்கும். 2003இல் வந்த பல்சர் டி.டி.எஸ்.-ஐ. மோட்டார் சைக்கிளில் பிளக் இரண்டு; ஒன்று செத்தாலும் வண்டி கிளம்பும், இழுவை மட்டும் குறையும், ஓட்டுகிறவர் கிளட்சைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபிறகு வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பொறியையும் பெட்ரோலையும் ஈ.சி.யூ. என்ற ஒரே மின்னணுப் பெட்டி ஆள்கிறது. கிராங்க் சென்சார் போனால் இரண்டும் ஒன்றாகவே நின்றுவிடும். ஆகவே "இருமி நின்னுச்சா, டப்புன்னு நின்னுச்சா" என்ற பழைய கேள்விக்கு இங்கே பாதி மதிப்புதான். ஸ்கேனர் வந்துவிட்டதே, இனி இந்தக் கலை எதற்கு என்பவர்கள் உண்டு. ஸ்கேனர் தெருவைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. கிராங்க் சென்சார் வழியில் கோளாறு என்று எண் வந்தால், சென்சாரா, அதன் ஒயரா, எலி கடித்த கனெக்டரா என்பதை மனிதர்தான் பார்க்கவேண்டும்.

இந்த வண்டிகளுக்கும் புதிய செவிப்பழக்கம் ஒன்று உருவாகிவருகிறது. சாவியைப் போட்டதும் எஞ்சின் விளக்கு எரியவேண்டும். டேங்க்குக்குள் பம்ப் இரண்டு மூன்று நொடி முனகி நிற்கவேண்டும். விளக்கு எரியவே இல்லையென்றால் ஈ.சி.யூ.வுக்கே கரண்ட் போகவில்லை, சீட்டுக்கடியில் ஃபியூஸைப் பாருங்கள். விளக்கு எரிந்து பம்ப் முனகாவிட்டால் கில் ஸ்விட்ச், பம்ப் ரிலே, வண்டி சாய்ந்தால் அணைக்கிற சென்சார் என்று தேடல் போகும். பட்டறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அந்த முனகல் காதில் விழாது. அந்த மூன்று நொடிக்கு வானொலியை நிறுத்திக்கொள்ளுங்கள். வானொலியில் பேசுகிற நாங்கள் தவறாக நினைக்கமாட்டோம்.