ஐந்து கேள்விகளும் ஒரு மதிப்பெண்ணும்

2020 மார்ச். கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த அதே நாட்களில், அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் ஷெர்மன் லீ ஒரு சின்னக் கேள்வித்தாளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதில் ஐந்தே கேள்விகள். கொரோனாவைப் பற்றிப் படித்தபோதோ கேட்டபோதோ தலை சுற்றியதா? அதே நினைப்பில் தூக்கம் கெட்டதா? கைகால் ஓடாமல் உறைந்துபோனீர்களா? பசி போய்விட்டதா? வயிற்றைப் புரட்டியதா? கடந்த இரண்டு வாரங்களில் இவை எவ்வளவு அடிக்கடி வந்தன என்பதைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் என்றால், பதில் சொன்னவரை மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

ஐந்துமே உடம்பைப் பற்றிய கேள்விகள். "பயமா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள், தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுவார்கள். அதனால் இந்தக் கேள்விகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஆனால் பசியின்மையும் குமட்டலும் கொரோனா நோயாளிக்கே வருமே! அங்கே மனதையும் நோயையும் எப்படிப் பிரிப்பது?

லீ இந்தக் கேள்வித்தாளை 775 பேரிடம் சோதித்தார். பதற்றத்தால் உண்மையிலேயே நிலைகுலைந்தவர்களில் 90 சதவீதத்தினரை இது கண்டுகொண்டது. மற்றவர்களில் 85 சதவீதத்தினரைச் சரியாகவே விட்டுவிட்டது. கேட்க அருமையான கணக்குதான். இதையே ஒரு ஊருக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பேரில் 100 பேர் உண்மையில் தவிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 90 பேர் அகப்படுவார்கள். மீதி 900 பேரில் 135 பேரும் சேர்ந்தே அகப்படுவார்கள். ஆக, பட்டியலில் 225 பேர். அதில் பாதிக்கு மேல் தவறான பெயர்கள். தவித்தும் பட்டியலில் வராத 10 பேர் வேறு.

இன்னொன்று, அந்த 775 பேரும் ஏற்கெனவே கொரோனாவை எண்ணிக் கவலைப்பட்டவர்கள். அவர்களிடம் பொருந்திய 9 என்ற எல்லை எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று நம்ப இடமில்லை. பின்னால் வந்த ஆய்வில் அதைவிடக் குறைந்த எல்லையே பரிந்துரைக்கப்பட்டது.

அதற்காகக் கேள்வித்தாளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மருத்துவர்கள் மூச்சுவிட நேரமில்லாத காலத்தில், ஒரு நிமிடத்தில் முடியும் கேள்வித்தாள் பெரிய உதவி. யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று அது காட்டும். இன்ன நோய் என்று சொல்வது, எதிரே உட்கார்ந்து கேட்கும் மருத்துவரின் வேலை.

ஆகவே நேயர்களே, கைபேசியில் வரும் இத்தகைய கேள்விகளுக்கு நீங்கள் பதில் போட்டால், மதிப்பெண் கூடிவிட்டதே என்று கலங்காதீர்கள். குறைவாக வந்தும் மனம் தவிக்கிறது என்றால், தவிப்பை நம்புங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.