மாத்திரையின் பெயர் தெரியாத கணவர்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று ஜூலை 25. 1968ஆம் ஆண்டு இதே நாளில்தான் திருத்தந்தை ஆறாம் பவுல் ‘ஹுமானே வீத்தே’ என்ற சுற்றுமடலில் கையெழுத்திட்டார். பிள்ளைப்பேறு, கருத்தடை பற்றிய திருச்சபையின் படிப்பினையைச் சொன்ன மடல் அது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று யாரும் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். கணவன்மார்கள் எழுந்து வாசலுக்குப் போய்விடவும் வேண்டாம். இன்றைய பேச்சு முக்கியமாக அவர்களுக்குத்தான்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் தம்பதியர் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். ஒப்புரவு அருள்சாதனத்தில் சொன்னதல்ல இது. வராந்தாவில் உட்கார்ந்து பேசியது. “மத்தவங்களுக்குப் பிரயோஜனப்பட்டா சொல்லுங்க ஃபாதர், பேரு மட்டும் வேண்டாம்” என்று அந்தச் சகோதரி சொன்னதால் சொல்கிறோம்.

இரண்டு குழந்தைகள். மூத்தது பிறந்து ஓராண்டு கழித்து, தெரிந்த ஒருவர் சொன்னார் என்று கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். குமட்டலும் தலைவலியும் தாங்காமல் விட்டுவிட்டார். இரண்டாவது பிறந்தபோது ஒரு மருத்துவமனையில் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். காப்பர்-டி வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்குப் புறப்படும்போதுதான் தெரிந்தது. மாதவிலக்கு வந்தால் எட்டு நாள், பத்து நாள். இடுப்பு வலி வேறு. அதை எடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மாறினார். முதலில் விட்டுவிட்டு உதிரம் பட்டது. பிறகு மாதவிலக்கே நின்றுபோனது. ஊசியால் அப்படி ஆவதுண்டு என்று யாரும் சொல்லாததால், ஒவ்வொரு மாதமும் கர்ப்பமோ என்று பயந்து செத்திருக்கிறார். இப்போது மாமியார், “ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நிம்மதியா இரு” என்கிறார். நான்கு ஆண்டுகளில் நான்காவது வழி.

கணவரைக் கேட்டோம்: “உங்க மனைவி எந்த மாத்திரை சாப்பிட்டாங்க?”

“தெரியாது ஃபாதர். அது பொம்பளைங்க விஷயம்.”

நல்ல மனிதர்தான். குடிப்பதில்லை, ஞாயிறு திருப்பலிக்குத் தவறுவதில்லை. போகும்போது தன் பைக்குக்கு எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்காமலே எங்களுக்கு விளக்கிவிட்டுப் போனார்.

அன்பர்களே, இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களில் செய்துகொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்குச் செய்யும் சிகிச்சை எளியது என்று மருத்துவர்கள் சொல்லியும் நிலைமை இதுதான். திருச்சபை இவ்விரண்டையுமே ஏற்பதில்லை. ஆகவே ஆண்களை அதற்குப் போகச் சொல்லி இதைக் கூறவில்லை. சுமை யார் தோளில் கிடக்கிறது என்று பார்க்கச் சொல்கிறோம்.

அந்தச் சுற்றுமடல் எளிதாக எழுதப்பட்டதல்ல. 1963இல் ஒரு குழு அமைக்கப்பட்டு, இறையியலாளர்களோடு மருத்துவர்களும் திருமணமான தம்பதியரும் அதில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். குழுவில் பெரும்பாலோர் கருத்து வேறாக இருந்தது. திருத்தந்தையோ, தாம்பத்திய உறவில் அன்பையும் உயிர் கொடுக்கும் ஆற்றலையும் மனிதர் தாமே பிரித்துவிடக் கூடாது என்று முடிவு சொன்னார். மாத்திரை, சாதனம், அறுவை சிகிச்சை ஆகியவற்றால் கருவைத் தடுப்பதைத் திருச்சபை இன்றும் ஏற்பதில்லை. இதை மழுப்பிச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

ஆனால் அதே மடலில் இன்னொன்றும் இருக்கிறது. அதை நாங்கள் மறையுரைகளில் அதிகம் சொன்னதில்லை. பெண்ணின் உடல்நலத்தையும் மனநிலையையும் பொருட்படுத்தாமல், தன் ஆசைக்கு ஒரு கருவியாக ஆண் அவளை நினைக்கத் தொடங்கிவிடுவான் என்று திருத்தந்தை எச்சரித்தார். அரசுகள் மக்கள்மீது கருத்தடையைத் திணிக்கலாம் என்றும் சொன்னார். எட்டே ஆண்டுகளில், நெருக்கடி நிலைக் காலத்தில், நம் நாட்டு ஏழை ஆண்கள் அதை அனுபவித்தார்கள்.

பிள்ளைகள் எத்தனை என்பதைக் கடவுள் திருமுன் தம்பதியர்தாம் தீர்மானிக்க வேண்டும் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் படிப்பினை. தம்பதியர் என்றால் இரண்டு பேர். மாமியார் அல்ல, அரசு அல்ல, பங்குச்சாமியாரும் அல்ல.

மருத்துவம் தொடர்பான ஒரு சந்தேகம் பலருக்கு உண்டு. அளவுக்கு மீறிய உதிரப்போக்குக்கோ, கருப்பை சார்ந்த வேறு நோய்க்கோ மருத்துவர் இதே ஹார்மோன் மாத்திரையைச் சிகிச்சையாகக் கொடுத்தால், அதைச் சாப்பிடுவது பாவமல்ல. சுற்றுமடலே சிகிச்சையை அனுமதிக்கிறது. பயந்து நோயை வளர்த்துக்கொள்ளாதீர்கள்.

சரி, திருச்சபை காட்டும் வழி என்ன? இயற்கை முறை. உடனே சிலர் சிரிப்பது எங்களுக்குத் தெரிகிறது. காலண்டரில் நாள் எண்ணி ஏமாந்தவர்கள் பலர். நாங்கள் சொல்வது அதுவல்ல. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஜான் பில்லிங்ஸ், எவலின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதியர் வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. முட்டை வெளிப்பட்டபின் ஒரு நாள் அளவுக்குத்தான் உயிரோடிருக்கும். ஆணின் விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள்வரைகூட வாழும். கருத்தரிக்கும் நாள்கள் நெருங்கும்போது பெண்ணுறுப்பில் உணரும் ஈரம் மாறுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு போல வழுக்கலான கசிவு தெரிகிறது. அந்த மாற்றத்தைப் பெண் தினமும் கவனித்து அட்டவணையில் குறிக்கிறார். அந்த நாள்களிலும், வழுக்கல் நின்று மூன்று நாள்கள்வரையிலும் தம்பதியர் விலகியிருக்கிறார்கள். இதைப் பயிற்சி பெற்றவரிடம்தான் கற்க வேண்டும். வானொலியில் கேட்டுவிட்டு நாளைக்கே தொடங்கிவிடாதீர்கள். அதிலும் ஊசியை நிறுத்தியவர்களுக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். அந்த இடைக்காலம் குழப்பமானது. மருத்துவரின் துணையும் வேண்டும்.

பாலூட்டும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், இரவும் பகலும் பாலூட்டி, மாதவிலக்கு திரும்பாமல், குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பாமல் இருந்தால் கருத்தரிப்பது அரிது. இவற்றில் ஒன்று தவறினாலும் அதை நம்பக் கூடாது.

இந்த வகுப்பை முன்பு எங்கள் பங்கில் நடத்தினோம். பெண்களை மட்டும் அழைத்தோம். முடிந்ததும் ஒரு தாய் எழுந்து, “எல்லாம் புரிஞ்சுது ஃபாதர். ராத்திரி அவர் வரும்போது இன்னைக்கு வேண்டாம்னு நான் சொன்னா, கேட்கிற மாதிரி அவருக்கு யாரு சொல்றது?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. கணவர் சம்மதிக்காத வீட்டில் மனைவிக்கு மட்டும் இயற்கை முறையைப் போதிப்பது, ஏற்கெனவே சுமப்பவள் தலையில் இன்னொரு குடத்தை ஏற்றுவதுதான். அதைத்தான் பல ஆண்டுகளாகச் செய்து வந்திருக்கிறோம். அதற்காக அந்தத் தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

மாத்திரையிலோ காப்பர்-டியிலோ இருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆபரேஷன் முடிந்து பல ஆண்டுகள் ஆனவர்களும் இருப்பீர்கள். கோவிலுக்கு வராமல் ஒதுங்கிவிடாதீர்கள். வாருங்கள், பேசுவோம். ஒப்புரவுத் தொட்டியில் உங்களை யாரும் அதட்டமாட்டார்கள். அதட்டினால், அது அந்தச் சாமியாரின் தவறு. உடலுக்கு ஒவ்வாதது எதுவானாலும் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் மருத்துவரிடம் போங்கள். இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, பாலூட்டுவது எல்லாவற்றையும் சொல்லுங்கள். கணவரையும் உடன் அழைத்துப் போங்கள். அவர் வெளியே டீக்கடையில் நிற்க வேண்டாம்; உள்ளே வந்து உட்காரட்டும்.

அந்தத் தம்பதியர் இப்போது ஓர் அருள்சகோதரியிடம் இயற்கை முறை கற்று வருகிறார்கள். ஊசியை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. இப்போதுதான் மாதவிலக்கு சீராகி வருகிறதாம். அட்டவணை சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மனைவி சொல்லச் சொல்லக் கணவர்தான் பென்சிலால் குறிக்கிறார். போன வாரம் இரண்டு நாள் மறந்துவிட்டார் என்று அவர் முன்னாலேயே அந்தச் சகோதரி எங்களிடம் புகார் சொன்னார். அவர் மறுக்கவில்லை.