மன வியாதிக்கு வைத்தியன் யார்?

(ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் மன வியாதியைப் பற்றியதும், அதற்கு ஆன்லைன் என்று சொல்லப்படுகிற செல்போன் வழியாக வைத்தியர் தேடிக் கொள்ளுவதைப் பற்றியதுமாகும். சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் வைத்தியப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். ஆனால் இந்த நாட்டில் புரோகிதனுக்கும் மந்திரவாதிக்கும் ஜோசியனுக்கும் இன்றைக்கும் குறையாத வரும்படி எங்கிருந்து வருகிறதென்று பார்த்தால், மனம் நொந்தவன் வீட்டிலிருந்துதான் என்பது விளங்கும். வயிற்று வலி என்றால் டாக்டரிடம் ஓடுகிறவனும், கால் முறிந்தால் கட்டுப் போடப் போகிறவனும், மனம் முறிந்தால் மாத்திரம் வேப்பிலைக்காரனிடம் போகிறான். ஆகவே இது நம்முடைய வேலையே ஆகும்.

வியாதி இன்னதென்பது

நாம் சொல்லுகிற வியாதி முக்கியமாய் இரண்டு விதம். ஒன்று மனச்சோர்வு. ஒரு நாள் துக்கத்தையும், கடன்காரன் வந்து போன கவலையையும் நாம் வியாதி என்று சொல்ல வரவில்லை. இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அநேகமாய் ஒவ்வொரு நாளும், நாள் முழுதும் துக்கமோ, எதிலும் பிடிப்பில்லாமையோ இருந்து, அத்துடன் தூக்கமும் பசியும் கெட்டு, உடல் ஓய்ந்து, தான் எதற்கும் லாயக்கில்லை என்றும், செத்தால் தேவலை என்றும் எண்ணம் ஓடுமானால் அது வியாதி. மற்றொன்று இருதுருவக் கோளாறு என்பது. அதில் சில காலம் இந்தச் சோர்வும், வேறு சில காலம் இதற்கு நேர்மாறான வேகமும் உண்டாகும். தூக்கம் இல்லாமலே களைப்பு இராது. பேச்சு ஓயாது. கையில் உள்ள பணமெல்லாம் பறந்து போகும். தனக்கு ஏதோ பெரிய சக்தி வந்து விட்டது போல் நடந்து கொள்ளுவான். அப்பொழுது அவனுக்குச் சாமி வந்திருக்கிறது என்று கற்பூரம் கொளுத்துகிறவர்களும், சோர்வு வந்தவுடன் பேய் பிடித்திருக்கிறது என்று சவுக்கு எடுக்கிறவர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள்.

1949-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்னும் டாக்டர், இந்த வேகத்துக்கு லித்தியம் என்னும் உப்புச் சரக்கைக் கொடுத்துப் பார்த்து, பலன் கண்டு எழுதினார். இன்றைக்கும் அது இவ்வியாதிக்கு முக்கியமான மருந்துகளில் ஒன்று. ஒரு உப்புக்கு அடங்குகிற பேய் என்ன பேய்? ஒரு மாத்திரைக்குத் தலை வணங்குகிற சாமி என்ன சாமி? யோசித்துப் பாருங்கள்.

இது எங்கோ ஒருவருக்கு வருகிற வியாதியுமல்ல. 2015-16-ல் 12 மாகாணங்களில் சர்க்கார் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் சுமார் 20 பேருக்கு ஒருவர் தம் ஆயுளில் ஒரு முறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அவ்வாறு வியாதிப்பட்டவர்களில் 100-க்குச் சுமார் 85 பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் வீட்டில் இது மூடி வைக்கப்பட்டிருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

மந்திரவாதி பேர் வாங்கும் விதம்

“மந்திரித்த பிறகு குணமானது உண்மைதானே? கண்ணால் பார்த்தோமே!” என்று கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் பரிகாசம் மாத்திரம் செய்வது பகுத்தறிவாகாது. இந்த வியாதியின் குணமே ஏறுவதும் இறங்குவதும். சிகிச்சையே இல்லாவிட்டாலும் சோர்வு பலருக்குச் சில மாதங்களில் தானாகத் தணிவதுண்டு. மனிதன் கோவிலுக்கு எப்பொழுது போகிறான்? துன்பம் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு மேல் என்ன இருக்கிறது? இறக்கந்தானே! அந்த இறக்கத்தை ஒரு மண்டல விரதத்தின் கணக்கில் எழுதிக் கொள்ளுகிறான் பூசாரி. தணியாமல் போனாலோ, “பக்தி போதாது, கிரகம் சரியில்லை, முன்ஜென்ம வினை” என்கிறான். தலை விழுந்தால் அவனுக்கு வெற்றி. பூ விழுந்தால் நமக்குத் தோல்வி. திரும்ப ஒரு முறை வியாதி வந்தால் புதிதாக ஒரு பரிகாரம். இதைவிட நஷ்டமில்லாத வியாபாரம் வேறெங்காவது உண்டா?

மருந்தைச் சோதிக்கிற முறை அப்படியல்ல. ஒரே விதமான வியாதிக்காரர்களைச் சீட்டுப் போட்டது போல் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் மற்றதற்கு மருந்து போன்ற வெறும் மாத்திரையும் கொடுத்து, தானாகக் குணமாகிறவர் எத்தனை பேர், மருந்தால் அதிகப்படியாய்க் குணமாகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எந்தப் பூசாரியாவது இந்தச் சோதனைக்கு ஒப்புவானா?

இந்த மூடத்தனத்தின் விலை தட்சிணைப் பணம் மாத்திரமல்ல. 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டு வந்து விடப்பட்ட மன வியாதிக்காரர்களை வைத்திருந்த ஒரு விடுதியின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் அதிலேயே வெந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். ஏர்வாடி என்பதற்காக மற்ற மதத்தார் தங்கள் மதம் மேல் என்று எண்ணிக் கொள்ள வேண்டாம். கோவிலும் மாதா கோவிலும் இந்தத் தொழிலுக்கு அந்நியமல்ல. அந்தச் சங்கிலியைச் செய்தவன் கொல்லன். அதைப் பூட்டச் சொன்னது “இது வியாதியல்ல” என்கிற நம்பிக்கை.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை

நம் தோழர்களில் சிலர் வேறொரு விதமான மந்திரம் சொல்லுகிறார்கள். “சுயமரியாதைக்காரனுக்கு மனச்சோர்வா? தைரியமாயிரு! புத்தியை உபயோகி!” என்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரனைப் பார்த்து, தைரியத்தால் சர்க்கரையைக் குறை என்று சொல்லுவீர்களா? சாமி கும்பிடாதவனுக்கும் மூளை உண்டு. மூளைக்கு வியாதியும் உண்டு. வியாதி வந்தவனுக்குப் புத்தி சொல்லி வெட்கப்படுத்துவதற்கும், பாவி என்று சொல்லி வெட்கப்படுத்துவதற்கும் அவனளவில் வித்தியாசம் இல்லை. இரண்டினாலும் அவன் வாய் மூடிப் போகிறான். வாய் மூடியவன்தான் சாகிறான்.

டாக்டர் எங்கே?

சரி, டாக்டரிடம் போகலாமென்றால் டாக்டர் எங்கே? இந்த நாட்டில் லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநல டாக்டர் கூட இல்லை. இருக்கிறவர்களும் பெரும்பாலும் பட்டணங்களில். கிராமத்தான் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போக வேண்டும். போனாலும், தெரிந்தவன் கண்ணில் பட்டால் தங்கை கலியாணம் நின்று போகும் என்று பயப்படுகிறான். இந்த இடத்தில்தான் செல்போன் உதவுகிறது.

2020-ம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி இந்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளின்படி, பதிவு பெற்ற டாக்டர் தொலைபேசியிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்க்கலாம். வரம்புக்கு உட்பட்டு மருந்தும் எழுதலாம். 2022-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி முதல் டெலி-மானஸ் என்னும் இலவச சேவை நடக்கிறது. அதன் நம்பர் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம். இதற்குப் பூசணிக்காய் உடைக்க வேண்டியதில்லை; நல்ல நேரம் பார்க்க வேண்டியதுமில்லை. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவதை உங்கள் உரிமை என்கிறது. நீங்கள் சொன்னதை வெளியே சொல்லாமல் காக்க வேண்டியதைக் கடமை என்கிறது. சங்கிலி போடுவதைத் தடுக்கிறது. ஆகவே நீங்கள் பிச்சை கேட்கப் போகவில்லை. உங்கள் உரிமையைக் கேட்கப் போகிறீர்கள்.

பேச்சு வைத்தியம் என்றால் கேலி செய்கிறவர்கள் உண்டு. 1960-களில் ஆரோன் பெக் என்னும் அமெரிக்க டாக்டர் ஏற்படுத்திய முறையைப் பாருங்கள். “நான் யாருக்கும் பிரயோஜனமில்லை” என்று நோயாளி சொன்னால், வைத்தியர் அதை மறுத்துப் பேசுவதில்லை. “இதற்கு ருஜு என்ன? இதற்கு மாறான ருஜு ஏதாவது உண்டா?” என்று அவனையே விசாரிக்கச் செய்கிறார், விட்டுப் போன சிறு காரியங்களை ஒவ்வொன்றாய்த் திரும்பச் செய்யச் சொல்லுகிறார். நாம் சாஸ்திரங்களைக் கேட்கிற கேள்வியை அவன் தன் எண்ணத்தையே கேட்டுக் கொள்ளப் பழகுகிறான். இந்த வைத்தியம் வீடியோ மூலம் நடந்தாலும், நேரில் நடப்பதற்கு ஏறக்குறைய ஒத்த பலன் தருவதாகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

அவரையும் பரீட்சை செய்யுங்கள்

ஆனால் தோழர்களே! பூசாரியை விட்டுவிட்டுத் திரையில் தெரிகிறவன் காலில் விழுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. செல்போனுக்குள்ளும் பூசாரி இருக்கிறான். சாம்பிராணிக்குப் பதில் கோட்டுப் போட்டிருப்பான்; அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே காசு கொடுக்கு முன் சில கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, உம்முடைய படிப்பு என்ன? பதிவு நம்பர் என்ன? மனநல டாக்டரானால் மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் அந்த நம்பர் இருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டர் அல்லாதவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் உடனே விலகுங்கள். இரண்டாவது, என் வியாதி என்ன, என்ன முறையில் வைத்தியம், எத்தனை தடவை பேச வேண்டும், கட்டணம் எவ்வளவு? நேர்மையானவர் இதற்கு நேராகப் பதில் சொல்லுவார். “10 நாளில் பூரண குணம்” என்கிறவனும், ஜாதகம் கேட்கிறவனும், மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கேட்கிறவனும் வைத்தியனல்ல. மூன்றாவது, நான் சொல்லுவது எங்கே போகிறது? அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்னும் பெரிய ஆன்லைன் கம்பெனி, தன்னிடம் வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக பேஸ்புக் முதலிய கம்பெனிகளுக்குக் கொடுத்ததாக, சர்க்கார் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2023-ல் 78 லட்சம் டாலர் கட்டும்படி செய்தது. பெரிய பெயர் என்பதற்காக மாத்திரம் நம்பலாகாதென்பதற்கு இது போதாதா?

நான்காவது கேள்வியை உங்களுக்குள்ளேயே கேட்டுக் கொள்ளுங்கள்: இவர் என்னை மனிதனாக மதிக்கிறாரா? சாதியை மறுத்துக் காதலித்த ஒரு பெண் சோர்ந்து அழும்போது, “குலத்துக்கு அடங்கி நட, சரியாய்ப் போகும்” என்று சொல்லுகிறவன் சிகிச்சை செய்யவில்லை, சம்பளம் வாங்கிக் கொண்டு புரோகிதம் செய்கிறான். அவனை விட்டு வேறொருவரைத் தேடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. செருப்புக் கடித்தால் மாற்றுகிறோம். வைத்தியரை மாற்றினால் என்ன குற்றம்?

செல்போனுக்கும் எல்லை உண்டு

தைராய்டு சுரப்பி குறைந்து வேலை செய்தாலும் மனச்சோர்வு போலவே தோன்றும். அதை இரத்தப் பரீட்சைதான் காட்டும்; செல்போன் காட்டாது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கும் இரத்தப் பரீட்சை அவசியம். சோர்வைப் பற்றி மாத்திரம் சொல்லி, முன்பு வந்து போன வேகத்தை மறைத்து விட்டால், சோர்வுக்கு எழுதும் மாத்திரையே சிலருக்கு வேகத்தைக் கிளப்பி விடக் கூடும். ஆகவே இரண்டையும் சொல்லுங்கள். குணமாய் விட்டதென்று நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள். ஒருவர் சாகப் போவதாய்ச் சொன்னாலும், பல நாள் தூங்காமல் கட்டுக்கடங்காமல் இருந்தாலும், சாப்பாட்டை மறுத்தாலும், பிள்ளை பெற்றவள் நிலை தடுமாறினாலும் வீடியோவுக்குக் காத்திராமல் ஜில்லா சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு உடனே அழைத்துப் போங்கள். அதுவரையில் அவரைத் தனியே விடாதீர்கள். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டி விடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அவர் மனத்திலிருப்பது வெளியே வருமேயொழிய, இல்லாத எண்ணம் உண்டாகாது.

கடைசியாக ஆண்களுக்குச் சொல்லுகிறோம். பல வீடுகளில் செல்போன் புருஷன் கையில் இருக்கிறது. பெண்சாதி யாரிடம் பேசினாள், என்ன பேசினாள் என்று அவன் பார்க்கிறான். அவளுடைய துக்கத்துக்குக் காரணமே அவனாயிருந்தால் அவள் அதை எப்படிச் சொல்லுவாள்? வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு அறையையும் ஒரு செல்போனையும் அவளுக்கு விட்டுக் கொடுத்து, கதவைச் சாத்திக் கொண்டு வெளியே போய் உட்காரத் தெரியாதவன், மேடையில் பெண் விடுதலை பேசுவதால் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே தோழர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் கூடத்துச் சுவரில், ஜோசியன் கொடுத்த காலண்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி விட்டு, அந்த இடத்தில் 14416 என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். அதைப் பார்த்து வீட்டில் யாராவது ஒருவர், “எனக்கும் அப்படித்தான் இருக்கிறது” என்று வாய் திறந்தால், அன்று புத்தி சொல்லாமல் காது கொடுங்கள். அதற்குத்தான் நாம் இவ்வளவு நேரம் பேசியது. இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.